நீதிமான் சேர் பொன்னம்பலம் அருணாசலம்

ஆண்டு மலர் வெளிவரும்போதெல்லாம் சைவமும் தமிழும் தழைக்க உழைத்த பெரியார் ஒருவரின் வரலாற்றைச் சேர்த்துக்கொள்வது நல்ல வழக்கம். இம்முறை அடியேனுக்கு அந்தப் பணி கிடைத்தபோது, கோவில் கட்டியவர்களையோ பாடல் பாடியவர்களையோ நாடாமல், நீதிமன்றத்தில் இருந்து வழக்குக் கேட்ட ஒருவரைப் பற்றி எழுதத் துணிந்தேன். அவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். அவருடைய பெயரைக் கேள்விப்படாதவர்கள் நம்மில் குறைவு. ஆயினும் கொழும்புப் பெரிய இடத்துப் பிள்ளை, சட்டசபைப் பிரமுகர் என்ற அளவிலேயே அறிந்திருக்கின்றோம். சீகிரியாவிலும் தம்புள்ளையிலும் மாத்தளையிலும் வாழும் நமக்கு அவர் எவ்வாறு உறவு என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த உறவு ஒரு பாதையில் தொடங்குகின்றது. இன்று நாம் இனாமலுவைச் சந்தியில் பஸ் ஏறித் தம்புள்ளை வழியாக நாலந்தை தாண்டி மாத்தளைக்குப் போகின்றோம். நம்முடைய பாட்டன் பூட்டன்மார் கண்டிச் சீமைக்கு நடந்துவந்த பாதையும் அதுவே. மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சிப் பக்கமாகக் காட்டுவழியே நூறு மைலுக்கு மேல் கால்நடையாக நடந்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! வாந்திபேதி கண்டு வழியிலேயே மாண்டவர்களும் பலர். மாத்தளைக்கு ரயில் வந்தது 1880ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன் தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டிய 1876 முதல் 1878 வரையான ஆண்டுகளில் இந்தப் பாதை வழியே வந்த கூட்டம் மிகப் பெரிது.

அந்தக் காலத்திலேதான், இருபத்திரண்டு வயதில் இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த ஒரு தமிழ் இளைஞர் கண்டிப் பொலிஸ் கோர்ட்டில் பணியாற்ற வந்தார். அவரே நமது அருணாசலம்.

அவர் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார். தாயார் செல்லாச்சி அம்மையார், சேர் முத்துக்குமாரசுவாமியின் சகோதரி. மூத்தவர் குமாரசுவாமி, அடுத்தவர் இராமநாதன், இளையவர் அருணாசலம் என்று மூன்று ஆண்மக்கள். கொழும்பு கொச்சிக்கடையில் உள்ள பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தை எழுப்பியவர் அந்தத் தந்தையார் என்பதை அடியார்கள் அறிவர். பிற்காலத்தில், 1907ஆம் ஆண்டு தொடங்கி அதனைக் கருங்கல் திருப்பணியாக்கியவர் சேர் பொன். இராமநாதன். ஆகவே ஆலய மணியோசை கேட்டே வளர்ந்த பிள்ளைகள் இவர்கள் என்று சொல்வதில் தவறில்லை.

அருணாசலம் படித்தது கொழும்பு அக்கடமியில். அதுவே பின்னர் றோயல் கல்லூரி எனப் பெயர் பெற்றது. அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்று இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் பயின்றார். பாரிஸ்டர் படிப்பையும் முடித்தார். வழக்கறிஞராகிக் கை நிறையச் சம்பாதித்திருக்கலாம். ஆனால் மாமனார் முத்துக்குமாரசுவாமியின் விருப்பப்படி சிவில் சேவைப் போட்டிப் பரீட்சைக்கு அமர்ந்தார். வெள்ளையர்களோடு சரிசமனாகப் போட்டியிட்டு அப்பரீட்சையில் தேறி, 1875ஆம் ஆண்டில் அச்சேவைக்குள் நுழைந்த முதல் இலங்கையர் அவரே.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் கீழ்க் கோர்ட்டு நீதிபதிகளை அந்த ஊர் மக்களே வாக்களித்துத் தெரிவு செய்கின்றனர். சோழர் காலத்து உத்திரமேரூரிலும் ஊர்க் காரியங்களைப் பார்க்கும் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் ஆட்களைத் தெரிந்தெடுத்தார்கள் என்பதைப் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் இன்றும் சொல்கின்றன. அந்த ஓலையில் பெயர் எழுதப்படுவதற்கும் தகுதி வேண்டும், சொத்து வேண்டும், கணக்குக் காட்டாதவர் கூடாது என்றெல்லாம் விதி இருந்தது. ஆனால் ஆங்கிலேயர் ஆண்ட இலங்கையில் நீதவானை மக்கள் கேட்டு எவரும் நியமிக்கவில்லை. சிவில் சேவை உத்தியோகத்தர் ஒருவர் இன்று கச்சேரியில் வரி பார்ப்பார், நாளை கோர்ட்டில் தண்டனை விதிப்பார். பதவி மேலேயிருந்து வந்தது. அருணாசலத்துக்கும் அவ்வாறே வந்தது. தம்முடைய வாழ்வின் பிற்பகுதி முழுவதும், ஆள்பவர்களை மக்கள் தெரிவு செய்ய வேண்டும் என்று அவர் போராடியதை நினைக்கும்போது இந்த வேறுபாடு மனதில் நிற்க வேண்டும்.

முதலில் கொழும்பில் அரசாங்க அதிபர் அலுவலகத்தில் சிறிது காலம். பிறகு கண்டிப் பொலிஸ் கோர்ட்டு. அதன்பின் தீவின் பல பகுதிகளில் பொலிஸ் நீதவானாகவும், சிறு கடன் வழக்குகளை விசாரிக்கும் கோர்ட்டின் ஆணையாளராகவும், மாவட்ட நீதிபதியாகவும் மாறி மாறிப் பணியாற்றினார். இலங்கையில் நீதிபதியாய் இருப்பது சாதாரண விடயமன்று. பொதுவழக்குக்கு ரோமன் டச்சுச் சட்டம், யாழ்ப்பாணத்தவருக்குத் தேசவழமை, மலைநாட்டுச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டம், முஸ்லிம் மக்களுக்கு அவர்களது சட்டம் என்று பலவகைச் சட்டங்களை ஒரே ஆள் தெரிந்திருக்க வேண்டும். காணிப் பங்கு வழக்குகளோ தலைமுறை தலைமுறையாக இழுபடும். ஒரு தென்னை மரத்தில் நாலில் ஒரு பங்கு, அதிலும் மூன்றில் ஒரு பங்கு என்று வழக்காடுவது நம் நாட்டில் புதிதல்லவே. அத்தகைய வழக்குகளில் அருணாசலம் எழுதிய தீர்ப்புக்கள் தெளிவானவை. 1877 முதல் 1879 வரை பிரதம நீதியரசராய் இருந்த சேர் ஜோன் பட் பியர், மேன்முறையீட்டுக்கு வந்த தீர்ப்புக்களைப் படித்து இந்த இளைஞரின் திறமையை மெச்சிப் பாராட்டினார். முப்பது வயதைக்கூட எட்டாத ஒருவருக்கு அது பெரிய சிறப்பு. சட்டத்தில் அவர் கொண்டிருந்த ஈடுபாடு கடைசிவரை குறையவில்லை. 1910ஆம் ஆண்டில் இலங்கையின் சிவில் சட்டத்தைத் தொகுத்து ஒரு நூலாகவும் வெளியிட்டார்.

இனி நம் மக்களோடு தொடர்புடைய விடயத்துக்கு வருகின்றேன். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று இருந்தது. தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த தொழிலாளி ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போனால் அது குற்றம். துரை ஒரு முறைப்பாடு செய்தால் பிடியாணை பிறக்கும். பிடிபட்டவருக்கு மூன்று மாதம் வரை கடூழியச் சிறை விதிக்கலாம். உலகத்தில் இரண்டு பேர் செய்துகொள்ளும் உடன்படிக்கையை ஒருவர் மீறினால் நட்டஈடு கேட்டுச் சிவில் வழக்குப் போடுவதே முறை. ஆனால் தோட்டத் தொழிலாளி மீறினால் மட்டும் அவர் கள்வனைப் போலச் சிறைக்குப் போக வேண்டும்! சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் இருந்த காலத்திலும் இந்தச் சட்டம் இருந்தது.

இதோடு துண்டு முறையும் சேர்ந்துகொண்டது. ஊரிலிருந்து ஆள்கட்டி வரும்போதே வழிச்செலவு, முற்பணம் என்று கங்காணியின் கணக்கில் கடன் ஏறிவிடும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இன்ன தொகை கடன் கட்டினால் இவர்களை விடுவிக்கின்றோம் என்று துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் தீராது, கைமட்டும் மாறும். ஆடுமாடு விற்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நம் பெரியவர்கள் கேட்பதுண்டு.

இத்தகைய வழக்குகள் எல்லாம் வந்து நின்ற இடம் மலைநாட்டுப் பொலிஸ் கோர்ட்டுக்களே. அங்கே ஆசனத்தில் இருப்பவர் எவராயினும், எழுதப்பட்ட சட்டத்தின்படி வழக்குக் கேட்பது அவருடைய கடமை. அருணாசலமும் அந்தச் சட்டத்தின் கீழ்ப் பதவி வகித்தவரே. பெரியார்களைப் பற்றி எழுதும்போது இதைப்போன்றவற்றை விட்டுவிடுவது சிலருக்கு வழக்கம். அடியேனுக்கு அது சரியாகப் படவில்லை. அந்தச் சட்டம் எப்படி வேலை செய்தது என்பதை உள்ளேயிருந்து அறிந்தவர் அவர் என்பதாலேயே, பிற்காலத்தில் அவர் அதற்கு எதிராக எழுப்பிய குரலுக்கு மதிப்பு ஏற்பட்டது.

1887ஆம் ஆண்டில் தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டன், மூப்பில் முன்னே நின்ற பலரைத் தாண்டி, பதிவாளர் நாயகம் பொறுப்பை அருணாசலத்திடம் ஒப்படைத்தார். வெள்ளைக்கார உத்தியோகத்தர்களிடையே இது முணுமுணுப்பை உண்டாக்கியது. அந்தக் கந்தோரோ சீர்குலைந்து கிடந்தது. காணி உறுதிகளும் பிறப்பு இறப்புப் பதிவுகளும் தேடினால் கிடைக்காத நிலை. அவர் பதிவுகளை ஒழுங்குபடுத்தி, அட்டவணை செய்து, ஊழல்களுக்கு இடமில்லாமல் செய்தார். சிலருக்கு இது சாதாரண எழுத்துவேலையாகத் தோன்றலாம். காணி உறுதி தொலைந்து அலைந்த குடும்பத்தைக் கேட்டால்தான் அதன் அருமை தெரியும். 1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டையும் அவரே முன்னின்று நடத்தினார். சுமார் 35 இலட்சம் மக்களைக் கணக்கெடுத்த அந்த வேலையின் அறிக்கை, வெறும் எண்களாக இல்லாமல் இந்நாட்டு மக்களின் வரலாறு, சமயம், வழக்கங்கள் அனைத்தையும் எடுத்துரைக்கும் நூலாக அமைந்தது. 1906இல் சட்டசபைக்கும், 1912இல் நிர்வாக சபைக்கும் அரசாங்கத்தால் நியமிக்கப்பட்டார். 1913இல் ஓய்வுபெற்றார். அதனையொட்டிச் சேர் பட்டமும் கிடைத்தது.

உத்தியோகம் இவ்வாறு போக, உள்ளத்தே அவர் சிவனடியாராகவே இருந்தார். தஞ்சாவூர் அருட்பரானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்டிருந்தார். கேம்பிரிட்ஜில் நண்பரான எட்வர்ட் கார்பென்டர் என்ற ஆங்கில எழுத்தாளர் 1890ஆம் ஆண்டளவில் இலங்கை வந்து, குருணாகலில் அருணாசலத்துடன் தங்கியிருந்து அந்த ஞானியைச் சந்தித்தார். திரும்பிப் போய் அதுபற்றித் தம்முடைய நூலில் விரிவாக எழுதினார். திருவாசகப் பகுதிகளையும் ஞானவாசிட்டத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்து மேனாட்டார் அறியச் செய்தவர் அருணாசலம். நமக்கு அயலூரான பொலன்னறுவையில், சிவாலய இடிபாடுகளைத் தோண்டியபோது 1907, 1908ஆம் ஆண்டுகளில் நடராசர் முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன அல்லவா? அவற்றின் பெருமையையும் சிவ வழிபாட்டின் உட்பொருளையும் விளக்கி அவர் எழுதிய கட்டுரை அறிஞர் மத்தியில் புகழ்பெற்றது. ஹபரணை வழியாகப் பொலன்னறுவைக்குப் போகும் அடியார்கள் அந்தச் சிவாலயங்களின் முன் ஒரு கணம் நின்று இதை எண்ணிக்கொள்ளலாம்.

ஓய்வுபெற்றபோது அவருக்கு வயது அறுபது. மற்றவர்கள் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் வயதில் அவர் பொதுவாழ்வில் இறங்கினார். 1915இல் இலங்கைச் சமூகசேவைச் சங்கத்தைத் தொடங்கி, கொழும்பு ஏழை மக்களுக்கு மருத்துவ உதவி, இரவுப் பாடசாலை, கைத்தொழில் என்று உழைத்தார். 1919ஆம் ஆண்டில் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை அமைத்துத் தலைவரானார். அதன் செயலாளராக அமைந்தவர் பெரி சுந்தரம். மலையகத் தோட்டத்தில் பிறந்து, கேம்பிரிட்ஜ் வரை சென்று படித்துப் பாரிஸ்டரானவர். பிற்காலத்தில், 1931இல், தொழில் அமைச்சராகவும் வந்தவர். தோட்டத்தில் பிறந்த இளைஞரும் முதலியார் வீட்டில் பிறந்த முதியவரும் ஒரே மேசையில் இருந்து, வேலையை விட்டுப் போனவரைச் சிறையில் தள்ளும் சட்டத்துக்கு எதிராக மனு எழுதியதை நினைத்தால் மனம் நெகிழ்கின்றது. துரைமார் சங்கம் பலம் வாய்ந்தது. அரசாங்கத்தில் அதற்குச் செல்வாக்கு அதிகம். இந்தியாவிலிருந்தும் எதிர்ப்புக் கிளம்பவே, அரசாங்கத்தால் மேலும் தட்டிக்கழிக்க முடியவில்லை. 1921ஆம் ஆண்டில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதே காலப்பகுதியில் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் தண்டனை விதிகளும் நீக்கப்பட்டன. ஒருவர் மட்டுமே இதைச் சாதித்தார் என்று சொல்வது பொருந்தாது. ஆனால் இலங்கையில் பிறந்த பெரிய மனிதர்களுள், தோட்டத்து மக்களுக்கு வாக்கும் இல்லை, வசதியும் இல்லை என்றிருந்த நாளிலேயே அவர்களுக்காகப் பேச முன்வந்தவர் அவர்.

அரசியலிலும் அவர் சும்மா இருக்கவில்லை. 1911ஆம் ஆண்டில் படித்த இலங்கையர் சார்பில் ஒரே ஓர் உறுப்பினரைத் தேர்தல் மூலம் சட்டசபைக்கு அனுப்ப அரசாங்கம் இடம் கொடுத்தது. வாக்காளர் தொகை மூவாயிரமும் இல்லை. அதில் வென்றவர் தமையனார் இராமநாதன். சிங்களவர், தமிழர் என்று பாராமல் வாக்களித்தார்கள். அது போதாது, நாட்டின் ஆட்சியே நாட்டு மக்கள் தெரிந்தெடுத்தவர்களிடம் வர வேண்டும் என்பது அருணாசலத்தின் வாதம். 1917ஆம் ஆண்டு ஏப்ரலில் கொழும்பில் இதுபற்றி அவர் ஆற்றிய உரை நாடெங்கும் பேசப்பட்டது. சிங்களத் தலைவர்களும் தமிழ்த் தலைவர்களும் ஒன்றுகூடி 1919 டிசெம்பர் 11ஆம் திகதி இலங்கைத் தேசிய காங்கிரசை நிறுவியபோது, முதல் தலைவராக அவரையே ஏகமனதாகத் தெரிவு செய்தனர். வாழ்நாளெல்லாம் மேலேயிருந்து வந்த நியமனங்களை ஏற்றவருக்கு, கீழேயிருந்து வந்த தெரிவு அது.

அந்த ஒற்றுமை இரண்டு ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. மேல்மாகாணத்தில் தமிழருக்கு ஒரு தனி இடம் ஒதுக்கப்படுவதை ஆதரிப்போம் என்று காங்கிரஸ் அமைவதற்கு முன்னரே சிங்களத் தலைவர்கள் எழுத்தில் வாக்குறுதி தந்திருந்தனர். 1921ஆம் ஆண்டுத் தேர்தல் நெருங்கியபோது அந்த வாக்குறுதி நிறைவேறவில்லை. கொழும்பு நகரத் தொகுதிக்கு அருணாசலத்தை நிறுத்துவார்கள் என்று எதிர்பார்த்தவர்களும் ஏமாந்தனர். அவர் காங்கிரசை விட்டு விலகினார். பிரதேசவாரியான தெரிவே போதும், இனவாரி இடங்கள் கூடாது என்ற மறுபக்க வாதத்திலும் ஒரு நியாயம் உண்டு என்று சொல்வோர் உளர். இருக்கலாம். ஆனால் நீதிமன்றத்தில் இருந்து பழகியவருக்கு எழுதிக் கொடுத்த பத்திரம் பத்திரமே. 1923இல் இலங்கைத் தமிழர் லீக் என்ற அமைப்பைத் தோற்றுவித்தார். அவருடைய இறுதிக்காலத்து மனவருத்தம் இதுவே. தோட்டத்து மக்களின் வாக்குரிமைக் கதையோ அதைவிட நீண்டது. 1931இல் ஒரு பகுதியினருக்குக் கிடைத்து, 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின் பறிபோய், 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அது முற்றாகத் தீர்ந்தது. அவற்றையெல்லாம் காண அவர் உயிரோடு இருக்கவில்லை.

அவர் கண்ட இன்னொரு கனவு பல்கலைக்கழகம். 1906ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு சங்கம் அமைத்து, இந்நாட்டுப் பிள்ளைகள் இந்நாட்டிலேயே உயர்கல்வி பெற வேண்டும், சுயமொழிகளுக்கும் அங்கே இடம் வேண்டும் என்று ஓயாமல் வற்புறுத்தினார். 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது அவர் மறைந்து பதினெட்டு ஆண்டுகளின் பின், 1942இல்.

1923ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தென்னிந்தியத் திருத்தலங்களைத் தரிசிக்கப் புறப்பட்டார். அந்த யாத்திரையில் மதுரையில் நோய்வாய்ப்பட்டு, 1924 ஜனவரி 9ஆம் திகதி அங்கேயே இறைவனடி சேர்ந்தார். வயது எழுபது. மைந்தர் சேர் அருணாசலம் மகாதேவா பின்னாளில் உள்நாட்டு அமைச்சராய் விளங்கினார். கொழும்பில் பழைய பாராளுமன்றக் கட்டடத்தின் முன்றலில் அருணாசலத்தின் சிலை நிற்கின்றது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மாணவர் தங்கும் ஒரு மண்டபத்துக்கு அருணாசலம் விடுதி என்று பெயர். கண்டிக் கோர்ட்டிலிருந்து அது சில மைல் தூரம். அன்று அந்தக் கோர்ட்டில் கைகட்டி நின்றவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் இன்று அங்கே தங்கிப் படிக்கின்றனர்.